சீட் பெல்ட் போட்டபடி

எல்லா ஆசிரியர்களிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்:
உட்கார்ந்திருக்கிறேன்.
பெல்ட் போட்டிருக்கிறேன்.
தீவு விரைவுச்சாலையில் எண்பதில் போகிறேன்.
பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து
கழுத்தை வளைக்கிறது.
இப்போது சொல்லுங்கள்.

டேக்வாண்டோ மாஸ்டர் நல்லவர்.
உதைக்கலாம் என்றார்.
வலது கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறதே என்றேன்.
இடது கால் சும்மாதானே என்றார்.
வெள்ளை பெல்ட்டை எனக்குக் கட்டிவிட்டது
முன்பல் விழுந்த ஒரு பொடியன்.
'இறுக்கமா இருக்கா அங்கிள்?'

சமூக மன்றத்தில் சிலம்பம்.
கம்பு சுழன்றபோது
முடி கொட்டிய மண்டையிலும் புல்லரித்தது.
ஆனால் டாக்சிக்குள் எங்கே வைப்பது?
ஜன்னலுக்கு வெளியே நீட்டினால்
அடி காலாங்கில், நுனி கேலாங்கில்.

சிக்கு ரோஸ்லான் சீலாட் கற்றுத்தருகிறார்.
அவர் மட்டும்தான்
'அப்புறம் என்ன ஆச்சு, அடி பலமா?' என்று கேட்டு
தே தாரிக் வாங்கித் தந்தார்.
வகுப்பு வியாழன் வெள்ளி இரவு.
என் வாடகை காசு வரும் நேரம்.

கண்ணாடிக் கதவு போட்ட ஓரிடத்தில்
பன்னிரண்டு மாதத் தொகுப்பு, கழிவு விலை.
படிவத்தில் வயதுக்கு நான்கு கட்டம்:
பதினெட்டு, இருபத்தாறு, முப்பத்தாறு,
'அதற்கு மேல்.'
அதற்கு மேலில் டிக் போட்டேன்.
அங்கே என்னைத் தவிர யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை.

'கீழே புளோக்கில் தாய்ச்சி ஆடுறாங்களே,
அதுல சேருப்பா' என்கிறாள் சங்கவி.
காற்றைத் தள்ளிக்கொண்டிருக்க
என் கழுத்தைப் பிடித்தது காற்றில்லை.

நடந்தது இவ்வளவுதான்:
சனி இரவு இரண்டு மணி,
கிளார்க் கீயிலிருந்து செங்காங்.
ஆபீஸ் சட்டை போட்ட பையன்.
சுற்று வழியில் போகிறேன் என்றான்.
கேமராவில் நாற்பது விநாடி.
நான் ஒரு மணி நேரம் என்று நினைத்திருந்தேன்.
அந்த நாற்பதில் நான் செய்த ஒரே காரியம்
இடப்பக்கம் சிக்னல் போட்டது.
பார்த்துவிட்டு யாரும் சிரிக்கவில்லை.
நான்தான் வீட்டுக்கு வந்து
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்,
சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக காக்கி புக்கிட்.
கீழே டயர் கடை, சரக்கு லிஃப்ட், ஐந்தாம் மாடி,
வியர்வையும் டெட்டாலும் மணக்கும் பாய்.
பிரேசில் ஜுஜிட்சு என்று பலகை.
ஹுய் மின்னுக்கு முப்பது வயதிருக்காது.
கேள்வியைக் கேட்டாள், பதில் சொல்லவில்லை.
உள்ளே போய்
இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி தூக்கி வந்தாள்.
ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டாள்.
யாருடையதோ ஒரு பெல்ட்டை
என் மார்புக்குக் குறுக்கே கட்டினாள்.
பின்னால் உட்கார்ந்து கேட்டாள்:
'மெதுவாவா? அன்னைக்கு மாதிரியா?'

மெதுவாக.

முடிதிருத்துபவரைத் தவிர
என் கழுத்தை மனிதர் தொட்டு வருடக்கணக்காகிறது.
'முதல்ல சிக்னல். வண்டிய நிறுத்துங்க.
அதைச் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க.
இப்ப தாடைய நெஞ்சுல ஒட்டுங்க.
ரெண்டு கையாலயும் அந்த ஒரு கைய இழுங்க.
முடியலையா, ரெண்டு தட்டு தட்டுங்க.
விட்டுடுவேன்.'

தட்டினேன். விட்டாள்.
மறுபடி என்றேன்.
தட்டினேன். விட்டாள்.
பதினொரு முறை.
உண்மையில் தேவைப்பட்டது நான்கு முறைதான்.
'அந்த ராத்திரி இது பலிச்சிருக்கும்னு
சத்தியம் பண்ண மாட்டேன்' என்றாள் நாற்காலியை மடக்காமல்.
அங்கேயே பணம் கட்டினேன்.

ஆறு மாதமாயிற்று.
இறால் மாதிரி இடுப்பை வளைத்து
பாயில் பின்வாங்கத் தெரியும்.
முட்டியில் கோயோக் ஒட்டியே கிடக்கிறது.
இருபது வயதுப் பையன்கள் மார்பில் ஏறி உட்கார்ந்து
'சாரி அங்கிள்' என்று நெரிக்கிறார்கள்.

நேற்று இரவு பொத்தோங் பாசிரில்
பின்னாலிருந்து தோளில் இரண்டு தட்டு.
தாடை இறங்கிவிட்டது,
இடக்கை பாதி தூரம் போய்விட்டது.

'இங்கேயே நிறுத்துங்க அங்கிள்.'

ஒரு அம்மா, மடியில் கேக் பெட்டி.
சிக்னல் போட்டேன்.
பதினொன்று எண்பது.