உறுத்தல்

மீன் சதையில் புழு தேடுவது என் வேலை.
கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசையில்
காட் மீன் துண்டங்கள் நகர்ந்து வரும்.
நூல்போலச் சுருண்டு கிடப்பதைக்
கத்தி முனையால் நெம்பி எறிவேன்.
பதினோரு வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பியவை
கை விரலுக்குள் அடங்கும் என்பாள் போகுமிலா.
அவள் லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை.

அந்தக் கண்ணுக்குள்தான்
ஒற்றைச் செல் உயிர் ஒன்று குடிவந்தது,
எனக்குத் தெரியாமல்.

ஷிஃப்ட் முடிந்தால் டால்விக்கில் எல்லாரும்
வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்து
மீன் விலை, மந்திரி, அடுத்தவர் விவாகரத்து
என்று பேசித் தீர்ப்போம்.
லென்சைக் கழற்றாமல் இறங்கினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

ஜூன்.
சூரியன் கடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு
படுக்க மனமில்லாமல் திரும்புகிற மாதம்.
வெளிச்சம் பட்டால் கூசித் துடிக்கும் கண்ணோடு
ஒளிந்துகொள்ள
எங்கள் ஊரில் இரவு கிடையாது.
ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினான் இங்கியால்துர்.
ஓரத்தில் மயிரிழை இடம் விட்டுப்போயிற்று.
ஒரு கோடை முழுதும்
அந்த வழியாக உள்ளே வந்தது.

மணிக்கொரு சொட்டு.
நீச்சல் குளம் சுத்தம் செய்யும் திரவத்துக்கு
இது பங்காளி முறை என்றார் டாக்டர் ஹ்யால்தி.
இரண்டு மணி. மூன்று மணி. நான்கு மணி.
அலாரம் அடிக்கும், இமையைப் பிரிப்பான்,
திட்டுவேன்,
அடுத்த அலாரம் வைப்பான்.
கண்ணை இமை காப்பதுபோல என்கிறார்களே,
எனக்கு ஒவ்வொரு சிமிட்டலும்
உப்புத்தாள்.

ஆகஸ்டில் கருவிழிமேல் வெள்ளை வளையம்.
செப்டம்பரில் வளையத்துக்குள் பாலாடை.
அக்டோபரில்
ஓட்டை விழுமுன் வா என்று
ரெய்க்யவிக்கில் ஒரு படுக்கை.

எனக்கான வட்டம் ஆர்ஹூஸிலிருந்து விமானம் ஏறி வந்தது,
இளஞ்சிவப்புத் திரவத்தில்,
சட்டைப் பொத்தானைவிடச் சின்ன ஜன்னல்.
பெண். வயது எழுபத்தொன்று.
அதற்குமேல் சொல்லமாட்டார்களாம்.
பிஸ்கட் மாவை அச்சில் வெட்டுவதுபோல
என்னுடையதை வெட்டியெடுத்து
அவளுடையதை வைத்துப்
பதினாறு தையல்.
படத்தில் பார்த்தேன்:
சிறுபிள்ளை கிறுக்கிய சூரியன்.

ரத்தக் குழாய் இல்லாத இடம்,
அதனால் அந்நியரை உடம்பு அவ்வளவாக விரட்டாது என்றார்.
ரத்த உறவு இல்லாததால்தான்
ஒட்டிக்கொண்டோம், நானும் அவளும்.

அவள் பார்த்ததெல்லாம் உனக்குத் தெரிகிறதா
என்று குளத்தில் கேட்கிறார்கள்.
(கரையில் உட்கார்ந்திருக்கிறேன், இறங்குவதில்லை.)
ஜன்னலுக்கு ஏது ஞாபகம்?

வலி போனது.
வலியின் பின்னாலேயே மற்றதும் போயிருந்தது.
நரம்பு வளர நாளாகும், வளராமலும் போகலாம்
என்றபடி பஞ்சுத் திரியால் விழியைத் தொட்டார்.
தெரிகிறதா?
பஞ்சு தெரிந்தது.
பட்டது தெரியவில்லை.

டிசம்பர் இருட்டில், தெருவிளக்கின் கீழே அண்ணாந்தேன்.
பனித் துகள் ஒன்று வலக்கண்ணை நோக்கி
ஆடி ஆடி இறங்கியது.
கடைசிவரை பார்த்தேன்.
இமை மூடவில்லை.
இறந்தவளின் பெயர்கூடக் கேட்டு நச்சரிக்கவில்லை நான்,
அவளுக்காக ஒரு சொட்டு விடவில்லை,
சொட்டு மருந்தைத் தவிர.
எந்த உறுத்தலும் இல்லை என்பது
எங்கோ உறுத்தியது. கண்ணில் அல்ல.

இது இரண்டாவது குளிர்காலம்.
மேசைக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு புழு தப்பவிட்டதைப்
போகுமிலா யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று துறைமுகத்தில் பேய்க்காற்று.
மணலோ, மீன் செதிலோ,
வலக்கண்ணில் என்னவோ
லேசாக,
கதவுக்கு வெளியே யாரோ செருமுவதுபோல.

கசக்காதே என்று கத்தினாள் போகுமிலா.
கசக்கவில்லை.
கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.
ஷிஃப்ட் மணி அடித்தது.
இன்னும் கொஞ்சம்
நின்றேன்.