ஆறாவது விளக்கு

லெமிங்டனில் தக்காளிக்கு இரவு கிடையாது.
கண்ணாடிக் கூடங்களுக்கு மேலே
வானம் ஊதாவாய் எரியும்.
குளிர் மட்டும் வெளியே நிற்கும், என்னோடு.

பன்னிரண்டாம் கூடத்திலிருந்து
தொழிலாளர் விடுதிவரை எழுபது மீற்றர் கேபிள்.
மண் இறுகுமுன் புதைத்தது.
அதன் நுனி இப்போது என் மடியில்,
எதையும் ஒப்புக்கொள்ளாத முகத்தோடு.

உறையைச் சுற்றிக் கீறுகிறேன்.
அழுத்தினால் செம்பு காயப்படும்,
தடவினால் உறை கழலாது.
கழன்றதும் வருகிறது ஜெல்,
தடிமன்காரனின் மூக்கு மாதிரி,
நிற்காமல்.
தண்ணீரை உள்ளே விடாதே என்று
சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் அதனிடம்.
அது என்னையும் விடமாட்டேன் என்கிறது.

பலாப்பழம் வெட்டுமுன்
கையில் எண்ணெய் பூசுவோம்.
இங்கே எண்ணெய்தான் பால்.
முன்யோசனைக்கு வழியில்லை.
முதலில் காய்ந்த துணி.
பிறகு தோடம்பழ வாசமடிக்கும் ஈரத்தாள்,
ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக, அடியிலிருந்து நுனிக்கு.
பிறகு புதுக் கையுறை.
அதற்குப் பிறகுதான் தொடலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தும் இன்று துணியோடு நிறுத்தினேன்.

காரணம் கதவில் சாய்ந்து நின்றது:
டெல்ராய், மொன்டேகோ பே,
இங்கே ஏழாவது பருவம்.
மகள் எட்டு மணிக்குப் படுத்துவிடுவாளாம்.
'எட்டுக்குள் வந்துவிடுமா?'
'வரும்' என்றேன்.
வாய்க்கு ஜெல் இல்லை, வழுக்காமல் சொல்லிவிட்டது.

செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள்,
பச்சை வெள்ளை,
நடுவில் நீலச் சோடி,
அதற்கு அந்தப்பக்கம் பச்சை.
ஒன்றாக முறுக்கிப் பிறந்த இரண்டும்
இங்கே வந்து இரண்டு பேரை இடையில் விட்டு நிற்கும்.
அப்படித்தான் நிற்கவேண்டும், விதி.
கடைசியில் மண்ணிறங்கள்.

நெருக்கி, வெட்டி, செருகி, அமத்தினேன்.
சோதனைப் பெட்டியில் விளக்குகள் நடந்தன:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
இருட்டு,
ஏழு, எட்டு.

பச்சை பின்வாங்கியிருந்தது.
ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது.
பிசுபிசுப்பில் நனைந்த கம்பி
அமத்தும்போது மெதுவாய் நழுவி
ஊசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது.
நிரோஜினி.
இரண்டு வருடமாய்க் கதைக்காத அக்கா.
அம்மாவின் வீட்டுக் காசு,
யார் கையெழுத்து, யார் சொன்னது,
யார் சொல்லவில்லை.
எடுக்கக் கை நீட்டினேன்.
பத்து விரலும் பத்துத் தடிமன் மூக்கு.
மூக்கு நுனியால் தட்டிப் பார்த்தேன்,
திரை என்னை மனுசியாகவே மதிக்கவில்லை.
அடித்து ஓய்ந்தது.

டெல்ராய் ஒன்றும் கேட்கவில்லை.
டோர்ச்சை எடுத்து என் தோளுக்கு மேலே பிடித்தார்.
சரி என்று
ஒரு சாண் கேபிளை வெட்டி எறிந்தேன்.

இந்தமுறை எல்லாம் செய்தேன்.
துணி. தாள். எட்டுக் கம்பிக்கும் எட்டுத் தடவை.
கையுறை.
பிளக்கை விட்டுவிட்டு
சுவர்ப் பெட்டிக்குள் சொக்கட்டில் குத்தி இறக்கினேன்.
ஜெல் பிடித்த கேபிள் வீட்டுக்குள் உலாவக் கூடாது,
வாசலோடு மரியாதையாய் முடியவேண்டும்.
வெளியே ஒரு வளைவு, தொங்கலாய்,
மழை அதில் இறங்கிச் சொட்டிப் போக.

ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து
ஆறு.

எட்டு அடிக்க நான்கு நிமிடம்.
விடுதிக்குள் முப்பத்தேழு போன்கள்
ஒரே மூச்சில் விழித்தன.
முப்பத்தேழும் முதலில் செய்தது
தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டதுதான்.
டெல்ராயின் திரையில் ஒரு வட்டம்
சுற்றிச் சுற்றி நின்றது.
'அணையுங்கடா!' என்று அவர் கத்தியது
எந்த மொழியென்று தெரியவில்லை,
எல்லாருக்கும் விளங்கியது.
எட்டு மூன்றுக்கு
தலையணையில் பாதி புதைந்த ஒரு கன்னம் வந்தது.
நான் சாமான்களைப் பொறுக்கினேன்.

வானில் ஏறி, ஹீற்றரைப் போட்டு,
தோடம்பழ வாசத்தோடு கிடந்த
கடைசித் தாளை எடுத்தேன்.
போனின் கண்ணாடியில்
அவளுடைய பெயர் வந்து போன இடத்தில்
என் பெருவிரல் ரேகை,
கொழுப்பாய், தெளிவாய்.
துடைத்தேன். இன்னும் இருந்தது.
அடியிலிருந்து நுனிக்கு
மறுபடி துடைத்தேன்.