எழுதியாயிற்று

விகோ துறைமுகத்தில் காலை ஐந்துக்கு ஏலம்.
விலை மேலிருந்து கீழே இறங்கும்.
முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பெட்டி.
அழுத்தம் ஒவ்வொன்றும்
என் சர்வரில் ஒரு வரி.

போன டிசம்பர் புயலில் கரண்ட் போனது.
யுபிஎஸ் பேருக்கு இருந்தது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு நொடி.
பிறகு எண்ணிப் பார்த்தால்
நாற்பத்திரண்டு வரிகளைக் காணோம்.

எல்லாவற்றுக்கும் "எழுதியாயிற்று" என்றுதான்
டிரைவ் சொல்லியிருந்தது.
சொன்னபோது அவை
அதன் வாயில்தான் இருந்தன,
வயிற்றில் இல்லை.

உர்பானோ லோய்ரோ வந்து நின்றான்.
சட்டைக் கையில் செதில்.
கத்தவில்லை.
"ஆறு பெட்டி பேய்க்கணவாய்.
எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.
எவன்னு உன் மெஷின் சொல்லட்டும்."

அதன்பின் என் மேசையில் இரண்டு டிரைவ்.
ஒன்றின் அட்டையில் தீப்பிழம்பு,
நொடிக்கு ஏழாயிரம் மெகாபைட் என்று கொட்டை எழுத்து.
மற்றது சாம்பல் நிறம். பெயர்கூடப் பொடி எழுத்தில்.
வேகம் பாதி, விலை இரண்டு மடங்கு.
மேலாளர் பிரைஸ் தீப்பிழம்பையே பார்த்தான்.

நான் பெரிய கோப்பு எதையும் ஓட்டவில்லை.
எங்கள் மீன் பெரிய கோப்பாக வருவதில்லை.
துணுக்குத் துணுக்காய் எழுதவிட்டேன்,
ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்து,
இரவு முழுக்க.

தீப்பிழம்பு முதல் சில நிமிடம் பறந்தது.
இடைக்கிடங்கு நிரம்பியதும்
மேட்டில் ஏறும் பழைய பஸ்.
சராசரி அப்போதும் அழகாகத்தான் இருந்தது.
ஆனால் ஆயிரத்தில் ஒரு வரி
மூன்றில் ஒரு நொடி திக்கியது.
விலை இறங்கிக்கொண்டிருக்கும் கூடத்தில்
மூன்றில் ஒரு நொடி என்பது
கிலோவுக்கு இருபது சென்ட்,
அல்லது ஒரு கைகலப்பு.

சாம்பல் நிறம் இரவெல்லாம் ஒரே நடை.
விடியும்வரை அதைப் பற்றி
எழுதிவைக்க எனக்கு ஒன்றுமில்லை.

பிறகு வயரைப் பிடுங்கினேன்.
பத்தொன்பது முறை,
எழுதிக்கொண்டிருக்கும்போதே, வேண்டுமென்றே.
அதன் ஓரத்தில் வரிசையாய் மின்தேக்கிகள்,
அவல் அளவுதான்.
அவற்றில் மிச்சமிருந்த சொட்டு மின்சாரத்தில்
கையிலிருந்ததை இறக்கிவைத்துவிட்டே
ஒவ்வொரு முறையும் அணைந்தது.
பத்தொன்பது முறையும் எண்ணினேன்.
ஒரு வரி குறையவில்லை.

"ஐந்து வருஷம் தாங்குமா?" என்றான் பிரைஸ்.
தினமும் முழுசாய் ஒருமுறை அழித்தெழுதினாலும் தாங்கும்,
நாம் எழுதுவது அதில் பத்தில் ஒன்று என்றேன்.
இரண்டு வாங்கு, ஆனால் வேறு வேறு மாதத்தில் செய்தவை,
ஒரே நாளில் பிறந்தவை
ஒரே நாளில் சாகலாம் என்றேன்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

மார்ச்சில் மறுபடி கரண்ட் போனது.
ஏலக்கூடத்தில் கட்டைவிரல்கள் அந்தரத்தில் நின்றன.
வெளிச்சம் வந்ததும்
விட்ட விலையிலிருந்தே இறங்கத் தொடங்கியது.
யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.
எதற்கென்று சொல்வார்கள்?

அந்த ஆறு பெட்டி
இன்றுவரை யாருடையது என்று தெரியாது.
உர்பானோ இப்போதும் வாங்கிய எண்களை
மணிக்கட்டில் நீலப் பேனாவால் குறித்துக்கொள்கிறான்.
மதியத்துக்குள் உப்புத்தண்ணீரில் கரைந்துவிடும்.
நான் எதுவும் சொல்வதில்லை.
அதுவும் ஒரு பிரதிதானே.