சட்டகம் பதினான்கு

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
தண்ணீர்க் குழாயை வெட்டி
பெனிலா ஒட்டிய வெள்ளைச் சதுரம்.
கண்ணை மூடி எறிய வேண்டும், அதுதான் விதி.
ஆரல்வாய்மொழியில் எறிந்தால்
எங்கே விழுவது என்று காற்று தீர்மானிக்கும்.
ஆடியோடு அடங்கிவிடும் என்றார்கள்.
ஐப்பசி மழை விட்டு மூன்று நாள்,
இன்னும் படிவத்தின் நான்கு மூலையிலும்
கல் வைத்துத்தான் எழுதுகிறோம்.

விஷ்ணுகிரந்தி, பதினொன்று.
சட்டைப் பொத்தானிலும் சிறிய நீலம்,
நண்பகலில் கடையடைத்துவிடும்.
ஓரிதழ்த் தாமரை இரண்டு.
செருப்படை, தரையோடு தரையாக.
சிறுபுள்ளடியை எண்ண முடியாது,
விழுக்காடு போடு என்கிறாள்.
ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல்.
பூக்கிற வரைக்கும் எல்லாப் புல்லும்
ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட தம்பி.

தலைக்கு மேல் காற்றாலை
நிழலை எறிந்து எறிந்து எடுக்கிறது.
நடுவில் கிடைக்கிற வெயிலில்
ஓர் இலையைப் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டுக்காரர் நின்றார்.
"என்ன பிள்ள தேடுதிய, கம்மலா?"
"மூக்குத்தி" என்றாள் பெனிலா.
"மூக்குத்திப்பூ. நாலெண்ணம் கிட்டியாச்சு."
அவர் சிரிக்கவில்லை.
குனிந்து தன் பங்குக்குக் கொஞ்சம் தேடிவிட்டுப் போனார்.

கிராமக் கணக்கில் இந்த இடத்துக்கு ஒரே சொல்:
தரிசு.
எங்கள் தாளில் இருபத்திரண்டு வரி.
இருபத்து மூன்றாவதுக்குப் பெயர் தெரியவில்லை.
இலை எதிரெதிர், தண்டு நாற்கோணம்,
ஒரே மொட்டு, இறுக மூடியது.
இலையடியில் மயிர்
படிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா
என்று கேட்கிறது புத்தகம்.
லென்ஸில் மூச்சடக்கிப் பார்த்தேன்.
காற்றடித்தால் படிந்தது, விட்டால் நிமிர்ந்தது.
"ஒண்ணுதான் நிக்கு, பறிக்காத."
சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் முதல் பேருந்து.
நூல் இருந்தது.
நூலுக்கு மேலே ஒன்றுமில்லை.
சுற்றிலும் குளம்படி, ஈரம் காயாத புழுக்கை.

பெனிலா தொப்பியைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.
நான் எழுதினேன்:
23. அறியப்படாதது. எண்ணிக்கை 1.
குறிப்புக் கட்டத்தில் அவள் எழுதினாள்:
வெள்ளாட்டுக்குத் தெரியும்.

இரவு, வடசேரி அறையில்
காலுறையை ஊறப்போடும் முன்
ஒட்டி வந்த விதைகளைப் பிடுங்கினேன்.
ஊசிப்புல், ஊசிப்புல், இன்னும் ஊசிப்புல்,
எந்தச் சதுரத்துக்குள்ளும் விழாத இரண்டு.
பிறகு ஒன்று,
எந்த வரிக்கும் பொருந்தாமல், எள்ளில் பாதி.
வெள்ளைத் தாளில் வைத்தேன்.
எழுந்து போய்
மின்விசிறியை அணைத்தேன்.