கடந்த ஏழு நாட்களில்

முதல் கேள்வி எப்போதும் இதுதான்:
கடந்த ஏழு நாட்களில் உங்கள் வலி எவ்வளவு,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?

உருகுவே ஆற்றங்கரை, சால்தோ நகரம்,
பொது மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
ஜன்னல் இல்லாத அறை, ஒரு தொலைபேசி.
குரலில் நிறம் ஏறக் கூடாது என்பது விதி.
"அடடா" கூடாது. "நல்லது" கூடவே கூடாது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
நாற்பத்திரண்டு பேரிடம் நிறமில்லாமல் பேசுகிறேன்.

சூல்மா எச்செவெர்ரி. வயது அறுபத்தொன்று.
பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர்.
விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கி ஒன்பது வருடம்.
"எந்த நேரத்து வலி?" என்று திருப்பிக் கேட்கிறார்.
"விடிகாலையில் பத்து. நண்பகலில் நாலு.
மொண்டேவீடியோவிலிருந்து மகள் கூப்பிட்டால்
அது எங்கே போகிறதென்றே தெரியாது.
எதை எழுதுவீர்கள்?"
சராசரியை, என்கிறேன்.
"சராசரியாக எனக்கு வலித்ததே இல்லை, தம்பி.
வலிக்கும்போதுதான் வலிக்கிறது."
பிறகு, கடைக்காரனிடம் சில்லறையை விட்டுக்கொடுப்பதுபோல்,
ஆறு போட்டுக்கொள், என்கிறார்.

கேள்வி ஏழு:
நிரம்பிய கோப்பையை வாய்வரை தூக்க முடிகிறதா?
இதை எழுதியவர் எந்த ஊரோ.
இங்கே மாத்தே குடுவை கையடக்கமாய் மடியில் இருக்கும்,
உறிஞ்சுகுழலுக்குத் தலைதான் குனிந்து வரும்.
கஷ்டமெல்லாம் வெந்நீர் பிளாஸ்கில்,
அக்குளில் இடுக்கி, மணிக்கட்டைச் சாய்த்து ஊற்றும்
அந்த ஒரு நொடியில்.
பிளாஸ்கைப் பற்றிப் படிவம் கேட்பதில்லை.
"கோப்பையா? கஷ்டமே இல்லை."

கேள்வி பதினொன்று:
குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற?
"தொட்டி வாங்கித் தருகிறீர்களா?"

போன முறை முப்பத்தெட்டு. இந்த முறை பத்தொன்பது.
கோடு சரிந்து இறங்குவதைத் திரையில் பார்த்த டாக்டர் பெர்தியேர்
என் தோளைத் தட்டினார்.
மருந்து பிடித்துவிட்டது, என்றார், நானென்னவோ தயாரித்ததுபோல்.

படிவத்தை மூடிவிட்டு, விதியை மீறி,
ஜாடி மூடியை எப்படித் திறக்கிறீர்கள் என்று கேட்டேன்.
"ஜாடி வாங்குவதை நிறுத்திவிட்டேனே."
பொத்தான்?
"எல்லாம் இழுவைப் பட்டை வைத்த உடுப்பு."
சாவி?
"கதவு திறந்தேதான் கிடக்கிறது, திருட என்ன இருக்கிறது?"
தலைமுடியை ஒட்ட வெட்டியாயிற்று.
உருளைக்கிழங்கு போய் அரிசி வந்தாயிற்று.
செய்தால்தானே கஷ்டம்.

சரி, இவர் தேறினாரா சுருங்கினாரா?
எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்கும்
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, அது நோயாளிக்கு.

ஆனால் சனிக்கிழமைகளில் த்ரூக்கோ ஆட்டம் மட்டும்
இன்னும் நிற்கவில்லையாம்.
சீட்டை விரித்துப் பிடிக்க விரல் வராது;
ரொட்டித் தகரத்தில் அரிசியைக் கொட்டி
அதில் மூன்று சீட்டையும் நட்டுவைக்கிறார்.
கையில் ஒன்றுமில்லாதபோதும் பந்தயத்தை ஏற்றுகிறார்.
"முகம் வீங்கவில்லையே, பொய் சொல்ல அது போதும்."

கடைசியில் ஒரு வெற்றுக் கோடு உண்டு: வேறு ஏதேனும்?
அதில் எழுதுவதற்கு எண் கிடையாது,
கணினி அதைப் படிக்காமல் தாண்டிவிடும்.
'அரிசியில் சீட்டு' என்று எழுதினேன்.

"அடுத்த முறையும் ஏழு நாள்தானா?" என்றார்.
ஆமாம்.
"இடையில் எண்பத்து மூன்று நாள் வருகிறதே,
அவற்றை யார் கேட்பார்கள்?"
நான் நிறமில்லாமல் மௌனமாக இருந்தேன்.

"இரு, தண்ணீர் கொதித்துவிட்டால் மாத்தே கெட்டுவிடும்."
தொலைபேசியை மேசைமேல் வைக்கும் சத்தம்.
கெண்டியிலிருந்து பிளாஸ்குக்கு நீர் இறங்குகிறது.
நிற்கிறது.
கை மாற்றுகிறார்போலும்.
ஏதோ ஒரு வசவு, எனக்கில்லை, கெண்டிக்கு.
மறுபடி இறங்குகிறது.
நிற்கிறது.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.