இடக்கை

நான் கயிறு பிடிக்கிறவன்.
ஒட்டுசுட்டான் மிருக வைத்திய நிலையத்தில்
டொக்டர் ஞானசௌந்தரி மாட்டுக்குப் பின்னால் நிற்க
முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றை இறுக்கினவன்.
பதினாறு வருசம்.
பிறகு அவவின் கோப்புகளையும் தூக்கினேன்.
மாடு சுகம்.
மாடு கையெழுத்துக் கேட்காது.

தோள்மூட்டு வரை உறை இழுத்து
இடக்கையை உள்ளே விடுவா. கண்ணை மூடுவா.
இருட்டில் எழுதியதை விரலால் வாசிக்கிற மாதிரி.
"மூண்டு மாசம்" என்பா, "பிடிக்கயில்லை" என்பா.
ஒருநாளும் பிழைத்ததில்லை.
ஒருமுறை பிழைத்தது, முத்தையன்கட்டில்:
ஒன்றென்று சொன்னா, இரண்டு வந்தது.

மீள்குடியேறி நாங்கள் வந்தபோது
மாடுகள் எங்களுக்கு முன்னமே
காட்டுக்குள் குடியேறியிருந்தன.
காதில் தகடில்லை, பதிவில்லை,
தொடையில் பழைய குறிசூடு மட்டும்.
ஒரு பசுவுக்கு இரண்டு வீட்டார்.
கன்றில் சுட்ட எழுத்து
பசுவோடு சேர்ந்து வளர்ந்து கோணியிருக்கும்.
சவர அலகால் மயிரை வழித்து
ஈரத்துணியால் துடைத்து
எழுத்துக் கூட்டுவா:
"இது சானா இல்லை. சூலம். நடு முனை வெடியில போட்டுது."
தோற்றவனும் தலையாட்டிவிட்டுப் போவான்.

அந்தத் தலையாட்டல்கள்தான்
அவவைத் தேர்தலில் நிறுத்தின.
ஆரும் சுவரொட்டி ஒட்டவில்லை.
பொய். நான் ஒட்டினேன், நூற்றிப்பத்து,
கோதம்பைமாப் பசை காய்ச்சி
பால் சேகரிக்கும் நிலையத்துச் சுவரில்.
விடிய முன்னம் ஆடுகள் தின்றுவிட்டன.
"என்ர வாக்காளர்" என்றா.

பிரதேச சபையின் முதல் கூட்டம்.
தெருவிளக்குக்கு வாக்கெடுப்பு.
எல்லாரும் சோத்துக்கையை உயர்த்த
இவ மட்டும் இடக்கை.
செயலாளர் எண்ணாமல் விட்டார்.
"வேலை செய்யிற கை அது. எண்ணுங்கோ."

தவிசாளராய் இருந்த காலத்தில்
இரண்டு மதகு, ஐந்து தண்ணீர்த் தொட்டி.
கொல்களக் குத்தகையைக்
கட்சிக்காரரின் மச்சானுக்குக் கொடுக்கவில்லை.
சந்தைக் குத்தகையைக் கொடுத்தா.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
வீடு வரும்வரை அவவும் பேசவில்லை.

பிறகு மாகாண சபை.
மாங்குளம், ஆனையிறவு, கைதடி,
ஜீப்பின் பின் இருக்கையில்
ஊசி மருந்துப் பெட்டியும் வரவுசெலவுத் திட்டமும்.
மேய்ச்சல் தரைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தா.
ஏகமனதாய் நிறைவேறியது, மேசையில் தட்டினார்கள்.
திரும்பி வரும்போது பார்த்தோம்.
எல்லைக்கல் அதே இடத்தில் நின்றது,
புதுச் சுண்ணாம்போடு.

ஒருநாள் அவை நடக்க, எனக்கு அழைப்பு:
கரிப்பட்டமுறிப்பு யோகம்மாவின் சிவப்பிக்கு
வயிறு ஊதிவிட்டது.
துண்டில் எழுதி உள்ளே அனுப்பினேன்.
உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்,
ஒன்றேகால் மணித்தியாலமாய்.
இடையில் ஆரும் எழும்பக்கூடாதாம்.
துண்டு கை மாறிக் கை மாறிப் போய்த்
திரும்பி வந்தது, மறுபக்கத்தில் அவவின் எழுத்து:
"இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால்
குத்தி, காற்றை விடச் சொல்லு."
சொன்னேன்.
சிவப்பி அப்போது படுத்துவிட்டது.

யோகம்மா அதற்குப் பிறகு எங்களுக்கு
வாக்குப் போடமாட்டேன் என்று கடைவாசலில் சொன்னா.
"நியாயம்தானே" என்றா டொக்டர்.

சபைக்காலம் முடிந்தது.
அடுத்த தேர்தல் இந்தா வருது, அந்தா வருது.
வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தோம்,
ஒரு பக்கக் கண்ணாடி குறைவாய்.

போன மாரியில், இரவு இரண்டு மணி,
யோகம்மாவின் மகன் படலையில் நின்றான்.
என் மோட்டார்சைக்கிளில் போனோம்,
சேற்றில் இரண்டு இடத்தில் இறங்கி.
உறை இல்லை. சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும்.
இடக்கையை உள்ளே விட்டா, மெலிந்த கை.
கண்ணை மூடினா.
"ஒரு கால் வாறனெண்டுது.
மற்றது மடக்கி வைச்சுக்கொண்டு
மாட்டனெண்டுது."

யோகம்மா அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்தா.
மழை தகரத்தில் விழுந்தது.
கனநேரம் ஒருத்தரும் பேசவில்லை.
பிறகு யோகம்மா, லாம்பைப் பார்த்தபடி:
"தேர்தல் எப்பவாம்?"

டொக்டர் கண் திறக்கவில்லை.
"கயித்தை இறுக்கிப் பிடியடா" என்றா,
எனக்கு.