குறிப்புகள் என்ற கடைசிக் கட்டம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அந்த அலுவலகத்துக்கு நான்
கணக்கெடுக்கப் போனது ஆகஸ்டில்,
சாலையோரப் புல்லெல்லாம் எரிந்து கறுத்திருந்த வாரம்.
சபைகளின் ஐக்கிய சங்கம். ஊழியர் நூற்றுப் பதினொருவர்.
எந்த இனம், எத்தனை பேர், எந்தப் படியில்
என்று எழுதித் தரவேண்டும். ஆறு வாரம்.
சம்பளம் பரவாயில்லை.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
கறுப்பர், கலப்பினர், இந்தியர், வெள்ளையர்.
பழைய அரசாங்கம் போட்ட அதே கோடுகள்தான்.
வேறு அளவுகோல் கைவசம் இல்லை.
காயத்தின் நீளத்தைக்
கத்தியை வைத்தே அளக்கிறோம்.

முதல் நாள் நான்கு மொழியில் ஜெபம்.
இயக்குநர் ஸ்வானெபோல் ஜூலுவில் ஆமென் சொன்னார்.
எல்லா மொழியிலும் ஆமென் ஆமென்தானே என்று
யாரும் சொல்லவில்லை.
ஆண்டறிக்கை அட்டையில் ஒன்பது சிரித்த முகங்கள்;
மூன்று பேர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை.
புகைப்படக்காரர் கூட்டி வந்தாராம்.

தலையை எண்ணினால் கணக்கு அழகாகத்தான் வந்தது.
அறுபத்தெட்டு, பதினொன்று, பத்தொன்பது, பதின்மூன்று.
பிறகு மாடி மாடியாக எண்ணினேன்.
காசோலையில் கையெழுத்திடும் இரண்டாம் மாடியில்
ஏழு நாற்காலி: வெள்ளையர் ஐந்து, இந்தியர் ஒன்று,
ஒன்றில் போதகர் ம்சோமி.
பன்மைத்துவத்துக்கு அவர்தான் பொறுப்பு.
ஐயாயிரம் ரேண்ட் வரை கையெழுத்திடலாம்.
"தேநீருக்குப் போதும்" என்றார், சிரிக்காமல்.

அன்று இரவு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை
நானே சேர்த்தேன்:
உங்கள் ஆலயத்தின் சாவி யாரிடம்?

நாற்பத்திரண்டு சபைகள். பதில்கள் வந்தபடி இருந்தன.
என் சபையின் பதிலை நானே எழுத வேண்டியிருந்தது.
நார்த்டேலில், இந்தியர் என்ற கட்டத்துக்குள்
நிம்மதியாக இருந்தோம்.
எங்களுக்கு அநியாயம் செய்தவர்களின் பட்டியல்
எல்லாருக்கும் மனப்பாடம்.
காலை ஒன்பதுக்குத் தமிழில் ஒரு பாமாலை,
ஆங்கிலத்தில் பிரசங்கம்: நாற்பத்தொரு பேர்.
மதியம் இரண்டுக்கு ஜூலு ஆராதனை: இருநூற்று அறுபது.
சாவி என் தம்பி கிறிஸ்துநேசனிடம்.

ஞாயிறு மதியம் பேனாவோடு போய் நின்றேன்.
மலைக்காற்று புழுதியை வாரி அடித்தது.
மூடிய கதவுக்கு முன்னால் நொமாசோன்டோ அம்மாவும்
பாடகர் குழுவும், வெள்ளை அங்கிகளைப் பிடித்துக்கொண்டு.
அவர் பெயருக்குள்ளேயே ஞாயிறு இருக்கிறதாம்.
இரண்டரைக்குத் தம்பி வந்தான்,
விரலில் பிரியாணி வாசனை. திறந்தான்.
யாரும் கோபிக்கவில்லை.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உள்ளே அலமாரிக்குத் தனிப் பூட்டு.
எங்கள் நற்கருணைக்கு வெள்ளிக் கிண்ணம்.
அவர்களுக்குப் பிளாஸ்டிக், அட்டைப் பெட்டியில்,
அவர்களே வாங்கியது.
இரட்டைக் குவளை என்று தமிழ்நாட்டுச் செய்தி வந்தால்
என்ன ஜனங்களோ என்று உச்சுக் கொட்டுகிறவள் நான்.

யார் தீர்மானித்தது என்று நிர்வாகக் குழுவின்
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
இரண்டாயிரத்துப் பதினான்கு, மார்ச்.
முன்மொழிந்தவர் இறந்துவிட்டார்.
வழிமொழிந்தவர்: எஸ்தர் முனியன்.
என் கையெழுத்து.
"பாத்திரங்களின் பாதுகாப்பு கருதி"
என்ற சொற்கள்கூட என்னுடையவை,
அன்று யாரோ நல்ல ஆங்கிலம் என்று மெச்சினார்கள்.

குறிப்புகள் என்ற கடைசிக் கட்டத்தில்
இதை அப்படியே எழுதினேன். அது இரண்டு விரல் அகலம்தான்;
எழுத்து ஓரத்தில் வழிந்தது.
இதை ஒரு சதவீதமாகச் சொல்ல முடியுமா
என்று ஸ்வானெபோல் பணிவாகக் கேட்டார்.
தம்பி இப்போது என்னோடு பேசுவதில்லை.

ஒரு சாவி செய்துகொண்டு போய் நீட்டினேன்.
நொமாசோன்டோ அம்மா வாங்கிக்கொண்டார்,
பார்க்காமலே அங்கிப் பைக்குள் போட்டார்.
"அந்தத் தீர்மானத்தை எங்கள் ஆராதனையில் வாசி," என்றார்.
"ஜூலுவில்."

என் ஜூலு கடை ஜூலு.
விலை சொல்லத் தெரியும்,
நாளைக்கு வா என்று சொல்லத் தெரியும்.
'வழிமொழிகிறேன்' என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று
ம்சோமியைக் கேட்டிருக்கிறேன்.